ஞாயிற்றுக்கிழமை நாற்காலி

“அந்த மனுஷனைக் கொன்னதே நீதான் மச்சான். உன் பேனர்தான் கொன்னுச்சு.”

“நான் துணியில எழுதினேன், அவ்வளவுதான். நீ மூஞ்சிக்கு நேரா சொன்னவன். அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கைதட்டி, ‘பெரியவரே, வீட்டுல உங்களைத் தேடுறாங்க’ன்னு சொன்னது யாரு? என் மாமனாரா?”

“உன் மாமனார் என் அப்பாடா. வார்த்தையை அளந்து பேசு.”

நான் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கழுத்தில் துணியைக் கட்டி, பாதித் தலை முடிந்திருந்தது. பேசிய இருவரும் எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எலெக்ட்ரீஷியன், மற்றவர் டாக்ஸி ஓட்டுபவர். டிரைவரின் தங்கையைத்தான் எலெக்ட்ரீஷியன் கட்டியிருக்கிறார். இருபது வருடமாக மைதானத்தின் கிழக்குப் பக்கக் கூரைக்குக் கீழே அடுத்தடுத்த இருக்கை. இங்கே பலருக்கும் அவர்களைத் தெரியும். “பதினேழு வருஷம் போதும், வீட்டுக்குப் போ” என்று இறந்துபோன கோச்சுக்கு எதிராகப் பேனர் கட்டியது அவர்கள்தான்.

முடி வெட்டுபவர் கத்தரியை நிறுத்திவிட்டு என் காதருகே சொன்னார், “மூணு மாசமா இதே பஞ்சாயத்துதான் அண்ணே. ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போறதில்ல. நடுவுல அந்தப் பொண்ணு அழுதுட்டுக் கிடக்கு.”

அப்போதே திரும்பி, “நீங்கள் இருவருமே கொல்லவில்லை” என்று சொல்லியிருக்கலாம். பாதித் தலையோடு அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அழகாக எழுத வராது.

இந்த ரசிகர் பக்கத்தில் என்னைக் ‘கடைசி வரிசை’ என்ற பெயரில் உங்களுக்குத் தெரியும். எட்டு வருடமாக எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கோச்சைக் கிழித்துத் தோரணம் கட்டிய நாட்களில்கூட நான் அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். நான் யார் என்று மட்டும் சொன்னதில்லை. நம் ஃபுட்பால் கிளப்பில் உடுப்பு துவைப்பதும் பூட்ஸ் பார்த்துக்கொள்வதும் என் வேலை. பத்தொன்பது வருடம் ஆகிறது. மைதானத்துக்குக் கீழே, படி இறங்கினால் சலவை அறை. மூன்று மெஷின், இரண்டு டிரையர், ஒரு நீள மேஜை. ஜன்னல் இல்லை.

ஆட்டக்காரர்கள் என்னை ‘சோப்பு’ என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் கோச்தான். அவர் வந்த முதல் வாரம் நான் தூளை அதிகமாகப் போட்டுவிட்டேன். நுரை படியேறி அவர் அறை வாசலில் போய் நின்றது. எட்டிப் பார்த்துவிட்டு, “யாருய்யா இந்த சோப்பு, என்னைப் பார்க்க வந்திருக்கு?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் அவர் என்னோடு பேசியதெல்லாம் இரண்டே விஷயம். ஒன்று, டவல். இன்னொன்று, சாவி.

சாவி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பூட்ஸுக்கு அடியில் திருகி மாட்டுகிற குமிழ்களை ஸ்டட் என்போம். நிலம் இளகியிருந்தால் நீள ஸ்டட், இறுகியிருந்தால் குட்டை. நம் மைதானம் கள்ளத்தனமானது. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் கோத்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் என் வீட்டுச் சாவியை மண்ணில் குத்திப் பார்ப்பேன். வளையம் வரை இறங்கினால் நீளம். பாதியில் நின்றால் குட்டை. ஒரு தடவை பெரிய ஆட்டக்காரர் ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கொண்டு போய் வழுக்கி விழுந்தார். அன்றைக்குக் கோச் ஒரு விதி போட்டார்: பூட்ஸ் விஷயத்தில் சோப்பு வைத்ததுதான் சட்டம், வேறு யாரும் கைவைக்கக் கூடாது. அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் படிக்கட்டின் மேலே நின்று கேட்பார், “சோப்பு, சாவி என்ன சொல்லுது?” நான் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பத்து வருடத்தில் நாம் மூன்று கோப்பை வாங்கினோம். உங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கெல்லாம் மேலே பாட்டும் கூத்துமாக இருக்கும். கூரை அதிரும், என் மேஜையில் டீ கிளாஸ் ஆடும். மறுநாள் ஞாயிறு, பதினெட்டு ஜெர்சியிலும் சிந்திய பானத்தின் கறை. அதை நான் தனியாக எடுப்பேன். குறை சொல்லவில்லை. வேலை என்றால் அப்படித்தான்.

வீட்டிலும் யாரும் இல்லை. ஒரு காலத்தில் இருந்தார்கள். அக்கா மாதம் ஒரு முறை ஃபோன் செய்வாள். “சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு” என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவாள். பாவம், அவளுக்கும் வேலை.

ஏழு வருடத்துக்கு முன்னால் சொந்த மைதானத்தில் ஐந்து கோல் வாங்கித் தோற்றோமே, அதற்கு மறுநாள் மதியம் கோச் முதன்முறையாகப் படியிறங்கி வந்தார். மேலே பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். தூள் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பிறகு கை சும்மா இருக்க முடியாமல் சாக்ஸை ஜோடி சேர்க்க ஆரம்பித்தார். எல்லாம் தப்பும் தவறுமாக, இடதும் இடதும் சேர்த்து. நான் திருத்தவில்லை. மனைவி போன பிறகு வீட்டில் டிவி போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொள்வாராம், சத்தம் வேண்டுமே என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போகும்போது, “இங்க நல்லா இருக்குய்யா, சூடா” என்றார். திங்கட்கிழமை போய் மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வாங்கிவந்து டிரையர் பக்கத்தில் போட்டேன்.

அடுத்த ஆறு ஆட்டம் ஜெயித்தோம், அவர் கீழே வரவில்லை. நாற்காலியில் துவைத்த துண்டுகளை அடுக்கிவைத்தேன்.

இப்போது முதல் தவறைச் சொல்கிறேன். அது உண்மையிலேயே தவறு. அதற்கடுத்த வாரம் என் வீட்டுப் பூட்டு கெட்டுப்போய்ப் புதுப் பூட்டு மாற்றியிருந்தேன். புதுச் சாவி பழையதைவிட அகலம், தடிமன். சனிக்கிழமை அதையே மண்ணில் குத்தினேன். பாதியில் நின்றது. கோச் கேட்டார், “பாதியில நின்னுடுச்சு சார்” என்றேன். எல்லாருக்கும் குட்டை ஸ்டட். நிலம் உள்ளே சேறு. இரண்டாம் பாதியில் நம் ஆட்கள் திரும்பும் இடத்தில் எல்லாம் வழுக்கினார்கள். மூன்று கோல். நீங்கள் இங்கே எழுதினீர்கள்: “காலில் தெம்பில்லை, பயிற்சி இல்லை, கிழவனைத் துரத்துங்கள்.”

ஞாயிறு காலை வீட்டைப் பூட்டும்போதுதான் எனக்கு உறைத்தது, சாவி மாறியிருக்கிறது என்று. மதியம் அவர் வந்தார். நான் சொல்லிவிடத்தான் இருந்தேன். வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், துண்டுகளை எடுத்து மேஜையில் வைத்தார், உட்கார்ந்தார். “இது எனக்காடா?” என்று கேட்டார். அதற்கு முன் அவர் என்னை ‘டா’ போட்டதில்லை. என்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று டீ போட்டேன்.

பழைய சாவியை நான் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டேன். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் நாட்களில், எப்போதாவது, தடிச் சாவியைக் குத்தினேன். அது எங்கே நிற்கிறதோ அதைத்தான் சொன்னேன். அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஏழு வருடத்தில் முப்பத்தொரு ஆட்டம். கூட்டிப் பார்த்தால் அதிகமில்லை. மற்ற தோல்விகள் நீங்களும் நானும் பார்த்த தோல்விகள்தான், அதற்கு நான் பொறுப்பில்லை. கோப்பை ஆட்டங்களில் நான் அப்படிச் செய்ததே இல்லை. ஆறு வாரம் தொடர்ந்து அவர் கீழே வராவிட்டால்தான் செய்தேன். ஒரு மனிதர் ஆறு வாரம் வராமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று, வீட்டில் ஆள் இருப்பவர்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை.

வலது ஓரம் காத்த ரைட் பேக் பையனைப் பற்றி யாராவது கேட்பீர்கள். சரிதான். அவனுக்கு முட்டி போனது இருபத்திரண்டாவது தடவையின்போது. இடது கால் வழுக்கிக்கொண்டே போனது, உடம்பு மட்டும் திரும்பியது. சத்தம் பெஞ்ச் வரை கேட்டது. ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போகும்போது பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் நீள ஸ்டட் மாட்டிவிட்டேன், யாராவது பார்த்தால் கோச்சுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதே என்று. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனேன். “டீம்ல நீங்க ஒருத்தர்தான் அண்ணே திரும்பத் திரும்ப வர்றீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது மாமனார் கடையில் உட்கார்ந்திருக்கிறான். மாடிப்படி மட்டும் ஏற முடியாது. நல்ல பையன், குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்று என்னைக் கூப்பிட்டான். போட்டோவில்கூட இருக்கிறேன்.

அன்றைக்கு மறுநாள் கோச் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அழுதார். நான் அவர் தோளில் கைவைத்தேன். எங்கள் ஏழு வருடத்தில் அதுதான் நல்ல ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல வேண்டும்.

அவருக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. கண்ணாடி போட்டாலும் ஃபோன் எழுத்து அவருக்குப் பிடிபடாது. “என்னடா சொல்றாங்க நம்ம ஜனங்க?” என்று கேட்பார். நான் படித்துக் காட்டுவேன். எலெக்ட்ரீஷியன் எழுதியது, டிரைவர் எழுதியது, உங்கள் எல்லாருடையதும். நல்லதாகவும் சிலர் எழுதுவீர்கள். “இந்தக் கிளப்பைத் தூக்கி நிறுத்தியவர் அவர், கொஞ்சம் பொறுங்கள்” என்று ஒரு டீச்சர் ஒவ்வொரு வாரமும் எழுதுவார். அவற்றை நான் படிக்கவில்லை. நல்ல வார்த்தை கேட்ட மனிதர் எழுந்து மேலே போய்விடுவார். கெட்டது கேட்டால் இன்னொரு டீ கேட்பார்.

கடைசி நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை தோற்றோம். அது முப்பத்தொன்றாவது. பேனர் கிழக்குப் பக்கம் முழுவதும் விரிந்திருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்கு அவர் வந்தார். முகம் தெளிவாக இருந்தது.

“எழுதிக் குடுத்துட்டேன்டா சோப்பு” என்றார். ராஜினாமா. நாளைக்குக் காலை மகள் ஊருக்குப் போகிறார். பேத்தியின் ஸ்கூல் பக்கத்திலேயே ஒரு சின்ன மைதானம் இருக்கிறதாம், அங்கே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம். “நிம்மதியா இருக்குடா. தூங்கி எவ்வளவு நாளாச்சு.” பிறகு என்னைப் பார்த்து, “நீயும் வந்துட்டுப் போ, ஒரு நாள்” என்றார். ஒரு நாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்கிற மாதிரி.

நான் டிரையரைப் போட்டேன். அவர் மேஜைமேல் கிடந்த என் சாவி வளையத்தை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பதினேழு வருடம் அந்தச் சாவியைப் பற்றிக் கேட்டவர், கையில் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வீட்டுக்கு ரெண்டு பூட்டா?”

“இல்ல சார். ஒண்ணு பழசு. பூட்டு மாத்தி ஏழு வருஷம் ஆச்சு.”

“ஏழு வருஷமா பழைய சாவியை எதுக்கு வெச்சிருக்க?” என்று சிரித்தார். பிறகு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கட்டைவிரலை அகலத்தில் ஓட்டினார். சிரிப்பு நின்றது. மூலையில் உலர்த்திவைத்த பூட்ஸைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அப்போதுதான் நெஞ்சு பிடித்தது. உங்கள் பேனர் அவர் மனதிலேயே இல்லை மச்சான்மாரே. அதைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை அவர் பேசவில்லை.

முகம் சாம்பலாகிவிட்டது. சட்டை நனைந்தது. கிளப் டாக்டரின் அறை என் அறைக்கு நேர் மேலே, இருபத்தாறு படி. அடிபட்ட ஆட்டக்காரர்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணி வரை இருப்பார். மேலே டாக்டரின் நாற்காலி நகரும் சத்தம் எனக்குக் கேட்டது.

“மேல போய் டாக்டரைக் கூப்பிடு சோப்பு” என்றார் கோச். கொஞ்சம் கழித்து மறுபடி சொன்னார்.

நான் அவர் பக்கத்தில் தூள் டிரம்மைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் தலை என் தோளில் சாய்ந்தது. டிரையரில் பதினொரு நிமிடம் பாக்கி என்று காட்டியது. அது முடியட்டும் என்று நினைத்தேன். நடுவில் எழுந்தால் அவர் தலை சரிந்துவிடும். மெஷின் சூடாக இருந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு நிமிடமும் அவர் எங்கேயும் போகவில்லை. என் சட்டையைப் பிடித்திருந்தார். இறுக்கமாகத்தான் பிடித்திருந்தார், கடைசி ஒன்றிரண்டு நிமிடம் தவிர.

மணி அடித்ததும் அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, அவர் விரலிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன். சாவிக்காகத்தான் நான் போகாமல் இருந்தேன் என்று யாராவது நினைத்தால் அது தவறு. சாவி எனக்கு நினைவிலேயே இல்லை. வீட்டுக்குப் போக வேண்டுமே என்று எடுத்தேன்.

டாக்டர், “பத்து நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “நீங்க பக்கத்துல இருந்ததே அவருக்கு ஆறுதல்” என்றார். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மகள் வந்தாள். அப்பாவின் ஜாடை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கடைசியா அப்பா ஏதாவது சொன்னாரா அங்கிள்?” என்று கேட்டாள். “உன் பேரைத்தான்மா சொன்னார்” என்றேன். அது அவளுக்கு நல்லதுதானே. ஊருக்குப் போய் ஒரு கடிதம் எழுதியிருந்தாள். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இதுதான் நடந்தது. அதனால் எலெக்ட்ரீஷியனும் டிரைவரும் சண்டையை நிறுத்திக்கொள்ளலாம். பழையபடி அடுத்தடுத்து உட்காருங்கள். பக்கத்தில் ஆள் இருந்தும் பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வேலை போய்விடுமே என்று கேட்பீர்கள். போகலாம். கிளப்பில் யாரும் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை, அது வேறு விஷயம். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் எங்கேயும் ஓடப்போவதில்லை. தினமும் ஏழு மணிக்கு அறையைத் திறந்துவிடுவேன்.

புதிய கோச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் வந்து முதல் ஐந்து ஆட்டம் தோற்கவில்லை, நல்ல விஷயம். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு என் படிக்கட்டைத் தாண்டிப் போவார், வணக்கம்கூட இருக்காது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போன சனிக்கிழமை தோற்றோம். மேலே காய்ந்து கிடந்தது, ஆனால் முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஞாயிறு மதியம் வாசலில் நிழல் விழுந்தது. “இங்க கொஞ்ச நேரம் உக்காரலாமா அண்ணே?” என்று கேட்டார். நாற்காலியில் இருந்த துண்டுகளை எடுத்துவைத்தேன். தங்கமான மனுஷன். அவருக்கும் டிவி சத்தம் இல்லாமல் தூக்கம் வராதாம். நம் ஜனங்கள் என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டார். ஒன்றிரண்டு படித்துக் காட்டினேன்.

ஆகவே எல்லாரும் பதில் எழுதுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, ஒன்று விடாமல் படிப்பேன். மச்சான்மார் பேசிக்கொண்டார்களா என்றும் யாராவது சொல்லுங்கள். முக்கியமாக, மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் வரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே மழை பெய்ததா என்று மறக்காமல் கீழே எழுதுங்கள். எந்தச் சாவியை எடுத்துப் போவது என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.